‘இஷ்டமிருந்தால் ஓட்டலாம்’ என்னும் சமரசம்

மென்பொருள் எழுதுகிறவர்களிடையே இன்று ஏறக்குறைய வேதவாக்காகிவிட்ட அபிப்பிராயம் ஒன்று உண்டு. நிரலை ஓட்டிப் பார்க்காமலே, எழுதிய எழுத்தை மட்டும் வாசித்து, இங்கே பாயிண்டர் வெறுமையாக வரக்கூடும், இங்கே வாங்கிய நினைவகம் திருப்பிக் கொடுக்கப்படாமல் நின்றுவிடும், இந்த வரியை எந்த வழியாகவும் எட்ட முடியாது என்று குற்றம் காட்டுகிற ஸ்டாட்டிக் அனாலிசிஸ் என்னும் பரிசோதனை மிக நல்லதுதான். அதை பில்டோடு சேர்த்து வைப்பதும் நல்லதுதான். ஆனால் அதை யார் மேலும் திணிக்கக் கூடாது. ஒரு சுவிட்சாக வைத்துவிடுவோம், சாதாரணமாக அது அணைந்தே இருக்கட்டும், வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும் என்பது அந்த அபிப்பிராயம். கேட்ட மாத்திரத்தில், இதைவிட நியாயமான, யார் மனத்தையும் புண்படுத்தாத ஏற்பாடு வேறு இருக்க முடியாது என்றே தோன்றும். கூட்டத்தில் எதிர்த்துப் பேச ஒருவரும் இரார். நானும் பல ஆண்டுகள் தலையசைத்தவன்தான். இப்போது அதை மறுத்து எழுதப் புகுவதற்குக் காரணம், அந்த ஏற்பாடு நல்ல யோசனையின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு, நடக்க வேண்டிய காரியத்தை நடக்கவொட்டாமல் செய்துவிடுகிறது என்று நான் அனுபவத்தில் கண்டதுதான்.

பிறர் கொள்கையை மறுக்கப் புகுகிறவன் அந்தக் கொள்கையை முதலில் அதன் சொந்தக்காரர் சொல்லுகிற வலுவோடு சொல்லிவிட வேண்டும் என்பது நம்முடைய தருக்க மரபு. சிவஞான சித்தியாரில் சுபக்கத்துக்கு முன்னே பரபக்கம் நிற்கிறது. அந்த மரியாதையை நானும் செலுத்திவிடுகிறேன். இந்தக் கருவிகள் பொய்க் கூச்சல் போடுகின்றன, கயிறு கிடக்கிற இடத்திலெல்லாம் பாம்பு என்று அலறுகின்றன, அந்த அலறலில் மெய் எது பொய் எது என்று பிரித்துப் பார்ப்பதற்கே நிரலாளருடைய அரை நாள் கழிந்துவிடுகிறது என்பார்கள். பில்ட் முடியக் காத்திருக்கும் நேரம் சில மடங்கு கூடுகிறது என்பார்கள். சி மொழியை வகுத்தவர்கள் நிரலாளனை நம்பு என்பதையே அதன் தர்மமாக வைத்தார்கள், நம்பிக்கை வைத்த இடத்தில் போலீஸ்காரனைக் கொண்டுவந்து நிறுத்துவது அந்தத் தர்மத்துக்கு விரோதம் என்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உலகத்தின் மிகப் பெரிய கூட்டு முயற்சிகளில் ஒன்றான லினக்ஸ் கெர்னலிலேயே இந்தப் பரிசோதனை விருப்பத்துக்கு விட்ட விஷயமாகத்தான் இருக்கிறது, கெர்னல் என்ன கெட்டா போயிற்று என்று கேட்பார்கள். இந்த வாதங்களில் ஒன்றுகூட முழுப் பொய்யில்லை. அதுதான் தொல்லை.

இவற்றுக்குள் நுழைவதற்கு முன்னால், பில்டைத் தானாக நடத்துகிற கருவி எதற்காகப் பிறந்தது என்பதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். 1976-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ‘மேக்’ என்னும் கருவியை எழுதினார். அதற்குத் தூண்டுதலாக இருந்த சம்பவத்தை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். சக ஊழியரான ஸ்டீவ் ஜான்சன் ஒரு நாள் தம் விதியைச் சபித்துக்கொண்டு அவருடைய அறைக்குள் வந்தார். பிழையைத் திருத்தியது என்னவோ உண்மை, ஆனால் திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்யாமல் விட்டுவிட்டதால், சரியாகவே எழுதப்பட்டிருந்த நிரலில் இல்லாத பிழையைத் தேடி ஒரு காலைப் பொழுது முழுவதையும் அவர் பாழாக்கியிருந்தார். எந்தக் கோப்பு மாறிற்று, அதனால் எவை எவை மறுபடி கம்பைல் ஆக வேண்டும் என்பதை மனிதனுடைய ஞாபகத்துக்கு விடாமல் இயந்திரமே கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டும் என்பதுதான் அந்தக் கோபத்திலிருந்து பிறந்த மேக்கின் மூலமந்திரம். இதில் விசேஷம் என்னவென்றால், அன்று அறைக்குள் வந்த அதே ஜான்சன்தான், 1978-இல், சி நிரல்களை வாசித்துச் சந்தேகத்துக்குரிய இடங்களைச் சுட்டுகிற ‘லின்ட்’ என்னும் கருவியையும் எழுதினார். துணியில் ஒட்டிக்கொண்டு உதறினாலும் போகாத பஞ்சுத் துணுக்குக்கு ஆங்கிலத்தில் லின்ட் என்று பெயர். ஆக, மறதிக்கு மருந்தாகப் பிறந்தது மேக். அந்த மறதிக்கு ஆளான மனிதர் செய்தது லின்ட். இவ்விரண்டையும் ஒன்று சேர்க்கும்போது, மற்றவற்றையெல்லாம் மேக் தானாகச் செய்யட்டும், லின்டை மட்டும் ஞாபகம் வந்தவன் ஓட்டிக்கொள்ளட்டும் என்று விதி செய்கிறவர்களுக்கு, ஜான்சன் பாழாக்கிய அந்தக் காலைப் பொழுதைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும்.

பெரியவர்களே லின்டைக் கம்பைலரிலிருந்து பிரித்துத்தானே வைத்தார்கள் என்று இங்கே ஓர் ஆட்சேபம் வரும். பிரித்தது வாஸ்தவம். ஆனால் எதனால் பிரித்தார்கள்? அக்காலத்து பிடிபி-11 இயந்திரத்தின் 16 பிட் முகவரியால் ஒரே சமயத்தில் 64 கிலோபைட்டுக்கு மேல் எட்ட முடியாது. அந்த இடுக்குக்குள் கம்பைலர் தன் வேலையைச் சுருக்காக முடித்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. பல கோப்புகளையும் சேர்த்து வைத்து நிதானமாக ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைக்கு அதில் இடமுமில்லை, நேரமுமில்லை. ஒண்டுக்குடித்தனத்தில் சமையலைத் தாழ்வாரத்துக்குத் தள்ளி வைத்ததைக் கண்டு, வீட்டுக்குள் சமைக்கலாகாது என்பது நம் முன்னோர் சாஸ்திரம் என்று ஒருவர் சொல்வாரானால் அவரோடு என்ன வாதம் செய்வது?

பிற்காலச் சரித்திரமும் அவர்களுக்கு அநுகூலமாக இல்லை. ஒரு ஃபங்ஷனுக்கு எத்தனை ஆர்க்யுமென்ட், என்ன வகை ஆர்க்யுமென்ட் அனுப்பப்படுகிறது என்று ஒத்துப் பார்ப்பது லின்டின் முக்கியமான வேலைகளில் ஒன்று. 1989-இல் சி மொழிக்குத் தரநிலை வகுத்தபோது, ஃபங்ஷனின் முழு வடிவத்தையும் முன்கூட்டியே அறிவிக்கும் முறை மொழிக்குள்ளேயே வந்தது. அப்படி அறிவித்த ஃபங்ஷன்களுக்கு, இஷ்டத்துக்கு விட்டிருந்த பரிசோதனை கம்பைலரின் கடமையாயிற்று. சுதந்திரம் பறிபோயிற்று என்று யாரும் துக்கம் காத்ததாகத் தெரியவில்லை. ஆனால் அறிவிக்கவே அறிவிக்காத ஃபங்ஷனை அழைக்கும் பழைய வழக்கத்தின் கதை வேறு. 1999-ஆம் ஆண்டுத் தரநிலை அதை மொழியிலிருந்து நீக்கிவிட்டது. கம்பைலர்களோ பழைய நிரல்களுக்குத் தாட்சண்யம் காட்டி, அதை வெறும் எச்சரிக்கையாகவே வைத்துக்கொண்டிருந்தன. அதன் பலன் என்ன? பாயிண்டரைத் திருப்பிக் கொடுக்கிற ஒரு ஃபங்ஷனை அழைக்கும் ஒருவர், அதற்குரிய ஹெடர் கோப்பைச் சேர்க்க மறந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பைலர் அது ஒரு இன்ட் எண்ணைத் திருப்பிக் கொடுக்கும் என்று ஊகித்துக்கொள்ளும். 64 பிட் இயந்திரத்தில் பாயிண்டரின் மேற்பாதி வெட்டுண்டு போய், கீழ்ப்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு நிரல் யாருடைய வீட்டுக்கோ போய்க் கதவைத் தட்டும். சிறிய இயந்திரத்தில் சோதித்தபோது எல்லாம் சரியாகவே இருந்திருக்கும். எச்சரிக்கையும் திரையில் ஓடித்தான் இருக்கும். மற்ற நூறு வரிகளோடு சேர்ந்து மேலே போயிருக்கும். ஜிசிசி கம்பைலர் இதைப் பிழை என்று சொல்லிக் கம்பைல் செய்ய மறுத்தது 2024-இல் வந்த 14-ஆம் பதிப்பில். தரநிலை நீக்கிய பிறகு 25 ஆண்டு!

ஏட்டுப் பிரமாணம் போதும். கண்ணால் கண்டதைச் சொல்லுகிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், மின்னணுப் பெட்டிகளுக்குள் ஓடுகிற சி நிரல் ஒன்று சில லட்சம் வரிகளுக்கு வளர்ந்திருந்தது. அதை பில்ட் செய்யும் ஏற்பாட்டில், கூட்டம் போட்டு விவாதித்து, எல்லோருடைய சம்மதத்தோடும், ஸ்டாட்டிக் அனாலிசிஸ் ஒரு சுவிட்சாகச் சேர்க்கப்பட்டது; அணைந்த நிலையே அதன் இயல்பு. அனைவரும் அவ்வப்போது போட்டுப் பார்ப்பது விரும்பத்தக்கது என்று புதியவர்களுக்கான வழிகாட்டியில் ஒரு வாக்கியமும் எழுதப்பட்டது. பிற்பாடு ஒரு மழை நாள் மாலை, பஸ்ஸுக்கு நேரமிருந்தபடியால், அந்தச் சுவிட்சைப் போட்டு பில்டை ஓட்டினேன். நான்கே விநாடியில் நின்றுவிட்டது. கருவிக்குரிய விதிகள் அடங்கிய கோப்பைக் காணவில்லை என்று ஒரு செய்தி. தேடிப் பார்த்தேன், அந்தக் கோப்பு இருந்த டைரக்டரிக்கு யாரோ வேறு பெயர் வைத்திருந்தார்கள், சுவிட்சுக்குப் பின்னால் இருந்த வரியில் பழைய பெயரே நின்றது. எப்போது மாறிற்று என்று மாற்றக் குறிப்புகளைப் புரட்டினேன். பத்தொன்பது மாதத்துக்கு முன்.

பத்தொன்பது மாதம் அந்தச் சுவிட்சை முப்பதுக்கும் மேற்பட்ட நிரலாளர்களில் ஒருவர்கூடப் போடவில்லை. போட்டிருந்தால் நான்காவது விநாடியில் தெரிந்திருக்கும். அவர்கள் சோம்பேறிகளுமல்லர், அலட்சியக்காரர்களுமல்லர். அவர்களில் சிலரைப் போன்ற கூர்மையான நிரலாளரை நான் அதன் பிறகு கண்டதில்லை. அவரவருக்கு அன்றன்று முடிக்க வேண்டிய வேலை இருந்தது, அவ்வளவுதான். இதைவிட எனக்கு உறைத்தது வேறொன்று. மூன்று மாதத்துக்கு ஒரு முறை தரத் தணிக்கைக்காக நிரப்பிக் கொடுக்கும் படிவத்தில், ஸ்டாட்டிக் அனாலிசிஸ் பில்டில் இணைக்கப்பட்டுள்ளதா என்று ஒரு கேள்வி உண்டு. அந்தப் பத்தொன்பது மாதத்தில் ஆறு படிவங்கள் போயிருந்தன. ஆறிலும் ஆம் என்று இருந்தது. அவற்றில் இரண்டில் இருந்த கையெழுத்து என்னுடையது. பரிசோதனையே இல்லாத இடத்தில் இல்லை என்று எழுதியிருப்போம், இல்லை என்று எழுதக் கூசியாவது யாரேனும் ஏதாவது செய்திருப்பார்கள். சுவிட்ச் இருந்தது, அதனால் மனச்சாட்சியும் சாந்தமாக இருந்தது.

இனி, எதிர்க்கட்சியார் பிரம்மாஸ்திரமாக எடுத்து விடுகிற லினக்ஸ் கெர்னலுக்கு வருவோம். லினஸ் டோர்வால்ட்ஸ் 2003-இல் ‘ஸ்பார்ஸ்’ என்னும் பரிசோதனைக் கருவியைத் தாமே எழுதத் தொடங்கினார். மேக் என்பதோடு சி=1 என்று சேர்த்து ஓட்டினால், அந்தத் தடவை கம்பைல் ஆகிற கோப்புகளை மட்டும் அது வாசிக்கும்; சி=2 என்றால் எல்லாவற்றையும் வாசிக்கும்; ஒன்றும் சேர்க்காவிட்டால் ஸ்பார்ஸ் எட்டிப் பார்க்காது. கெர்னலின் மூலத்தில், சாதாரண நிரல்களிடமிருந்து வரும் பாயிண்டர்களுக்குப் பக்கத்தில் ‘யூசர்’ என்று ஓர் அடையாளச் சொல் எழுதப்பட்டிருக்கும். வெளியாள் கொடுத்த விலாசம் இது, நேரே போய்த் தொடாதே, உரிய வாசல் வழியாக நகலெடுத்துக்கொள் என்பது அதன் அர்த்தம். கம்பைலருக்கு அந்தச் சொல் தெரியாது. கம்பைல் ஆகும்போது அது வெற்றிடமாக மாறிப் போய்விடும்படி எழுதி வைத்திருக்கிறார்கள். ஸ்பார்ஸ் ஓடினால்தான் அந்தச் சொல்லுக்கு உயிர். ஓடாத நாளில் அது சுவரில் எழுதி வைத்த நற்போதனை. அப்படியிருந்தும் கெர்னலில் அந்த அடையாளங்கள் செத்துப் போகவில்லையே, எதனால்? ஆயிரக்கணக்கான நிரலாளர்கள் இரவு படுக்கப் போகுமுன் பக்தியோடு சி=1 என்று அடித்துவிட்டுப் படுக்கிறார்கள் என்பதனாலா? இன்டெல் நிறுவனத்தார் நடத்துகிற ஒரு யந்திர ஊழியன் இருக்கிறான். கெர்னலுக்காக வருகிற மாற்றங்களை எடுத்துத் தானே பில்ட் செய்து, ஸ்பார்ஸ் முதலிய கருவிகளைத் தானே ஓட்டி, புதிதாக வந்த எச்சரிக்கையை அதை எழுதியவருக்கே கடிதமாக அனுப்பிவிடுகிறான். அவனுக்கு இஷ்டம் என்பதும் இல்லை, இஷ்டமின்மை என்பதும் இல்லை. நிரலாளரின் மேஜையில் விருப்பமாகத் தோற்றமளிக்கிற பரிசோதனை, ஊர் எல்லையில் கட்டாயமாக நடந்துகொண்டிருக்கிறது. அந்த ஊழியனை எண்ணிக்கையில் சேர்க்காமல் கெர்னலை உதாரணம் காட்டுவது, தளிகையைப் பக்கத்து வீட்டில் செய்வித்துக்கொண்டு எங்கள் வீட்டில் அடுப்பே கிடையாது என்று பெருமை பேசுவதற்குச் சமானம்.

விருப்பத்துக்கு விட்ட பரிசோதனைக்கு உலகம் கொடுத்த விலையைக் காட்டு என்றால், ஆப்பிள் நிறுவனத்தார் 2014 பிப்ரவரியில் அவசர அவசரமாகத் திருத்தி வெளியிட்ட பிழையைக் காட்டுவேன். ஐபோனும் மேக் கணினியும் இணையத்தில் ஒரு சர்வரோடு ரகசியமாகப் பேசத் தொடங்குமுன், எதிரில் இருப்பது மெய்யான சர்வர்தானா என்று கையொப்பத்தைச் சரிபார்க்கும் ஃபங்ஷன் அது. அதில் ‘கோட்டூ ஃபெயில்’ என்னும் வரி அடுத்தடுத்து இரண்டு முறை விழுந்திருந்தது. முதலாவது, மேலே இருக்கிற இஃப் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவதும் அதே அளவு உள்தள்ளி, அதே நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது போலவே பவ்வியமாக நிற்கிறது; ஆனால் இஃபுக்குப் பின்னால் வளைவு அடைப்பு இல்லாததால் அது எதற்கும் கட்டுப்படாத வரி. அங்கே வந்த நிரல் எப்போதும் கடைசிக்குத் தாவிவிடும். தாவும்போது பிழைக் குறியீடு பூஜ்யமாகவே இருப்பதால், எல்லாம் சரி என்று பதில் சொல்லிவிடும். கீழே இருந்த கையொப்பப் பரிசோதனையை எந்த வழியும் வந்து தொடாது. கண்ணால் பார்க்கிற மனிதன் உள்தள்ளலைப் பார்த்து ஏமாறுவான், இயந்திரம் ஏமாறாது. கிளாங் கம்பைலரில் எட்ட முடியாத வரிகளைக் காட்டும் எச்சரிக்கை அப்போதே இருந்தது; ஆனால் எல்லா எச்சரிக்கையும் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிற ‘வால்’ சுவிட்சுக்குள் அது அடங்காது, தனியாகக் கேட்டுப் போட வேண்டும். ஜிசிசியின் கதை இன்னும் வேடிக்கை: அதே பெயருள்ள சுவிட்சை அது மறுக்காமல் வாங்கிக்கொள்ளும், வாங்கிக்கொண்டு ஒன்றும் செய்யாது, பின்னால் இருந்த பரிசோதனையை முன்பே எடுத்துவிட்டிருந்தார்கள். பிற்பாடு, 2016-இல் வந்த ஜிசிசி 6, உள்தள்ளல் ஒன்று சொல்ல நிரல் வேறு செய்கிற இடங்களைக் காட்டும் எச்சரிக்கையைப் புதிதாகச் சேர்த்து, அதை வால் சுவிட்சுக்குள்ளேயே வைத்தது. இனியும் கேட்டால்தான் கொடுப்போம் என்று அவர்கள் வைக்கவில்லை.

பொய்க் கூச்சல் என்னும் ஆட்சேபத்தைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அதற்கு விடை ஏற்கனவே கிடைத்திருக்கிறது. ஃபேஸ்புக்கில் இன்ஃபர் என்னும் கருவியை நடத்தியவர்கள் 2019-இல் தங்கள் அனுபவத்தை ஒளிவுமறைவின்றி எழுதினார்கள். முதலில் அவர்கள் செய்தது, இரவில் நிரல் முழுவதையும் ஓட்டிக் குற்றங்களைப் பட்டியல் போட்டு, உரிய நிரலாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. பொய் எச்சரிக்கையை அரும்பாடுபட்டுக் குறைத்து, தங்கள் மதிப்பில் 20 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்திருந்தார்கள். திருத்தப்பட்டவை ஏறக்குறைய பூஜ்யம். பிறகு அதே கருவியை, நிரலாளர் ஒரு மாற்றத்தைப் பிறர் பார்வைக்கு அனுப்புகிற அந்தக் கணத்திலேயே, அவர் கேட்காமலே ஓடும்படி மாற்றி வைத்தார்கள். திருத்தம் 70 சதவீதத்துக்கு மேலே போயிற்று. கருவி மாறவில்லை, பொய்யின் விகிதம் மாறவில்லை. அச்சுக்கூடத்துப் பழக்கமுள்ளவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. எழுத்துக் கோத்த கையோடு வருகிற புரூஃபில் ஓர் ஒற்றுப் பிழையைத் திருத்துவது இரண்டு விரல் வேலை. பைண்டு ஆகி வந்த புத்தகத்தில் அதே பிழையைக் காட்டினால், கடைசிப் பக்கத்தில் பிழைதிருத்தம் ஒட்டலாம் என்று சொல்லி எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆகவே எச்சரிக்கைகளை மனிதர் அலட்சியம் செய்வதற்குப் பொய் ஒரு காரணமே தவிர, முதற்காரணம் காலந்தப்பி வருவது. விருப்பச் சுவிட்சோ காலந்தப்பி வருவதற்கென்றே ஏற்பட்ட உபாயம். ஆறு மாதம் அணைந்திருந்து ஒரு நாள் எரிகிற விளக்கு, ஆறு மாதத்துக் குப்பையையும் ஒரே வெளிச்சத்தில் காட்டும், கண்டவன் மலைத்துப்போய் மறுபடி அணைத்துவிடுவான், அணைத்துவிட்டு இந்தக் கருவி ரொம்பக் கத்துகிறது என்பான்.

எல்லாப் பிழையையும் பிழையின்றிக் கண்டுபிடிக்கிற கருவி இருக்கவே முடியாது என்று 1953-இல் ரைஸ் வெளியிட்ட தேற்றத்தைச் சிலர் கொண்டுவருவார்கள். சரி, முடியாது. இதயத்துடிப்புப் பிழை என்று 2014-இல் உலகத்தைக் கலக்கிய ஓபன்எஸ்எஸ்எல் ஓட்டையைப் பெயர்பெற்ற கருவியொன்று முன்கூட்டிக் காணவில்லை என்பதும் உண்மை. கண்டுபிடிக்காதவற்றைக் காட்டிக் கண்டுபிடிப்பவற்றைத் தள்ளுவது எந்த நியாய சாஸ்திரம்? ஏர்பஸ் ஏ340 விமானத்தின் முதன்மைப் பறப்புக் கட்டுப்பாட்டு நிரல், 1,32,000 வரி சி, அதில் ஓட்டநேரப் பிழை ஒன்றும் இல்லை என்று பாரிஸில் செய்த அஸ்த்ரே என்னும் கருவி 2003-இல் ஒரு பொய் எச்சரிக்கையும் இல்லாமல் நிரூபித்ததும் அதே தேற்றத்தின் ஆட்சியில்தான். அந்த நிரல் கட்டுப்பாடாக எழுதப்பட்டது, அதற்கென்றே கருவியும் செதுக்கப்பட்டது; நம்முடைய சாமானிய நிரலுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. இருந்தாலும் தேற்றம் வழிமறிக்கவில்லை என்பதைக் காட்ட இது போதும்.

எதிர்க்கட்சியார் சாதாரணமாகச் சொல்லாத, சொன்னால் என்னைத் திக்குமுக்காடச் செய்யக்கூடிய உதாரணம் ஒன்றை நானே எடுத்துக் கொடுக்கிறேன். டெபியன் லினக்ஸில் 2006-ஆம் ஆண்டு, பரிசோதனைக் கருவிகள் துவக்கப்படாத நினைவகம் என்று ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் எச்சரிக்கை கொடுத்தன. நிரலை ஓட்டிப் பார்க்கிற வகைக் கருவிகள் அவை என்றாலும் எச்சரிக்கை எச்சரிக்கைதான். எச்சரிக்கையை நிறுத்துவதற்காக, ஒன்றுபோலவே இருந்த இரண்டு வரிகள் இரண்டு இடங்களில் நீக்கப்பட்டன. ஓரிடத்தில் அது போனால் நஷ்டமில்லை. மற்றோரிடத்தில் அதுதான் ரகசியச் சாவிகளுக்கு வேண்டிய தற்செயலைக் கலக்குகிற வரி. அதன் பிறகு சாவியின் தற்செயலுக்கு ஆதாரமாக எஞ்சியது நிரல் ஓடும்போது வாங்குகிற வரிசை எண் ஒன்றுதான். ஒரு வகைச் சாவிக்கு 32,767 சாத்தியங்கள். ஒரு பிற்பகலில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம். வெளியே தெரிந்தது 2008 மே மாதத்தில். எச்சரிக்கைக்குக் கண்ணை மூடிக்கொண்டு பணிந்தால் இப்படியும் நேரும்.

இதிலிருந்துதான் நான் சொல்ல வந்த விஷயம் தெளிவாகும் என்று நினைக்கிறேன். பரிசோதனையில் இரண்டு காரியங்கள் இருக்கின்றன: அது ஓடுவது ஒன்று, அது சொன்னதை நாம் ஒப்புக்கொள்வது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டே சுதந்திரம், நிர்ப்பந்தம் என்று சண்டை நடக்கிறது. சுதந்திரம் இருக்க வேண்டிய இடம் ஒப்புக்கொள்வதில். ஓடுவதில் அதற்கு வேலையில்லை. கருவி சொன்னது தவறு என்று நிரலாளர் கருதினால் அந்த வரியின் பக்கத்திலேயே ‘நோலின்ட்’ என்று போட்டு, எதனால் என்பதை ஒரு வரியில் எழுதி வைக்கட்டும். நாளை அதை வாசிக்கிறவன் அந்தக் காரணத்தோடு வாதாடட்டும். நிரலாளனை நம்பு என்னும் தர்மத்துக்கு இதில் எந்தக் குறைவும் இல்லை. அவன் காரணம் சொல்லுவான் என்று நம்புவதும் நம்பிக்கைதானே. டெபியன் விஷயத்தில் குறைந்துபோனது, நீக்கிய வரிக்குக் காரணத்தை ஆராய்ந்து எழுதி, விஷயம் தெரிந்தவர்கள் அதைத் துருவிக் கேட்கிற அந்த இரண்டாவது படிதான்.

யாருக்குக் கட்டாயம் என்பதிலும் குழப்பம் உண்டு. 2021 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ், கெர்னல் பில்டில் எச்சரிக்கை எதுவானாலும் பிழையாகவே கொள்ளப்படும் என்று எல்லோருக்கும் பொதுவான இயல்பாக்கினார். பல இடங்களில் பில்ட் உடைந்து கூக்குரல் எழவே, சில நாட்களுக்குள், சோதனைக்காகக் கம்பைல் செய்கிறவர்களுக்கு மட்டும் அது இயல்பு என்று சுருக்கிக்கொண்டார். இதைத் தோல்வி என்று சுட்டுகிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு அது சரியான தரம்பிரிப்பாகவே படுகிறது. நிரலை எழுதுகிறவன் ஒருவன்; ஐந்து வருஷம் கழித்து, வேறொரு நாட்டில், நாம் காணாத புதிய கம்பைலரைக் கொண்டு அதைக் கட்டிக்கொள்கிறவன் வேறொருவன். பின்னவனுக்கு நம்முடைய எச்சரிக்கையால் பில்ட் உடைவது அநியாயம்; அவனுக்குச் சுவிட்ச் அணைந்தே இருக்கட்டும். இஷ்டம் என்னும் சலுகை அவனுக்காகப் பிறந்தது. அதை எழுதுகிறவர்களாகிய நாம் நமக்கே வழங்கிக்கொண்டோம்.

நேரம் ஆகிறது என்ற புகாருக்கு நீண்ட மறுமொழி வேண்டியதில்லை. மாறின கோப்பை மட்டும் வாசி என்று வைத்தால் புகாரில் பெரும்பகுதி கரைந்துவிடும்; ஸ்பார்ஸின் சி=1 செய்வது அதுவே; சிமேக் என்னும் பில்ட் கருவியிலும் 2016-இல் வந்த 3.6-ஆம் பதிப்பு முதல், கிளாங்-டைடி என்னும் பரிசோதனைக் கருவியைக் கம்பைலரோடு கூடவே ஓடும்படி ஒரே வரியில் எழுதி வைக்கலாம். பழைய நிரலில் குவிந்து கிடக்கிற ஆயிரக்கணக்கான எச்சரிக்கைகளை அன்றே பட்டியல் எடுத்துப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, புதிதாக ஒன்று கூடினால் மட்டும் வாயைத் திற என்று கருவிக்குச் சொல்லிவிடலாம். விதிகளையும் முதலில் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வைக்கக் கூடாது. கருவியோடு வருகிற விதிகள் அனைத்தையும் முதல் நாளே இயக்கிவிட்டு, மறுநாள் கலகம் மூண்டதும் மனித சுபாவத்தின் மேல் பழி போடுகிறவர்களை நான் அறிவேன்.

நான் முன்னே சொன்ன அந்த நிறுவனத்தில், பத்தொன்பது மாதக் கதை வெளிப்பட்ட பிறகு, இரண்டு கூட்டங்களும் ஒரு மனஸ்தாபமும் கழிந்து, ஒரு சொல் மாற்றப்பட்டது: அணைந்திருந்த இயல்பு எரிகிற இயல்பாயிற்று, மாறின கோப்புகளுக்கு மட்டும், பதினோரு விதிகளோடு. அடுத்த ஆண்டு, கோப்புகளை ஒழுங்குபடுத்துகிறேன் என்று புறப்பட்ட ஓர் இளைஞர், முந்தைய கதை தெரியாமல், அதே டைரக்டரிக்கு இன்னொரு புதிய பெயரை வைத்தார். அவர் அதைச் சேர்த்தது காலை பத்தேகால் மணிக்கு. பத்தரைக்கு என் மேஜைக்கு எதிரே மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள், பில்ட் ஓடவில்லை சார், யார் எதை மாற்றினது என்று கேட்டபடி. நான்காவதாக அந்த இளைஞர் கையில் காபியோடு வந்துகொண்டிருந்தார்.